காப்பு கட்டின வாரத்தில் வீடு மாறியது

ஆடி மாதத்தில் வீடு மாறக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். அம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊரைவிட்டு வெளியே போய் இராத்தங்கக் கூடாது என்பதும் தெரியும். இந்த இரண்டும் ஒரே வாரத்தில் ஒன்றன் பின் ஒன்றாக வந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும் என்பது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும்.

ரிஷிவந்தியத்துக்கும் மணலூர்பேட்டைக்கும் நடுவில், சுற்றிலும் கரும்பு நிற்கும் ஒரு ஊரில் ஏழு வருஷம் வாடகைக்கு இருந்தோம். அவருக்கு உரக்கடையில் வேலை. நான் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்தேன். கடை முதலாளி கள்ளக்குறிச்சியில் இன்னொரு கடை திறந்து அவரை அங்கே போகச் சொன்னார். மகளும் பதினொன்றாம் வகுப்புக்கு அங்கேயே சேர்ந்துவிட்டாள். இவை வீடு மாறுவதற்கு நாங்கள் வெளியில் சொன்ன காரணங்கள். சொல்லாத காரணம் எதிர்வீட்டு அக்கா.

எங்கள் தெருக் குழாயடியில் ஒரு சட்டம் உண்டு. காலிக் குடத்தை முன்கூட்டியே வரிசையில் வைத்துவிட்டால் போதும், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த இடம் அந்தக் குடத்துக்குத்தான். ஒரு நாள் தண்ணீர் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது. அக்காவின் குடம் நிற்கிறது, அக்கா இல்லை, மாட்டுக்கொட்டகையில் பால் கறந்துகொண்டிருக்கிறாள். நான் அந்தக் குடத்தை நகர்த்திவிட்டு என் குடத்தை வைத்தேன். இன்றைக்கும் சொல்வேன், தண்ணீர் வரும்போது ஆள் இல்லாத குடத்துக்கு வரிசை கிடையாது. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

அக்கா வந்தாள், பார்த்தாள், தெருவே கேட்கிற மாதிரி சொன்னாள். "நீ வாடகைக்கு வந்தவ. இன்னிக்கி இருப்ப, நாளைக்கிப் போவ. எங்க வரிசைய மாத்தறதுக்கு உனுக்கு இன்னா ரைட்டு இருக்குது?"

பதிலுக்கு நானும் பேசினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி வைத்தபிறகுதான் யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதுகூடப் பெரிதில்லை. குழாயடியில் அத்தனை பெண்கள் நின்றார்கள், அத்தனை பேருக்கும் நான் ஜாக்கெட் தைத்துக் கொடுத்திருக்கிறேன், "ஏன் அப்படிப் பேசற" என்று கேட்க எனக்கு ஒரு ஆள் இல்லை. அதுதான் வலித்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். சொந்த வீடு வாங்குகிற நிலைமை நமக்கு இல்லை. ஆனால் என் முகத்துக்கு நேரே நின்று இந்த வார்த்தையை யாரும் சொல்ல முடியாத ஒரு வீட்டுக்குப் போயே தீரவேண்டும்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் எங்களுக்குள் பேச்சு இல்லை. அக்கா தன் ஜாக்கெட்டையெல்லாம் ரிஷிவந்தியத்துக்குக் கொண்டுபோய்த் தைக்கக் கொடுத்தாள். ஒன்றில்கூடக் கை சரியாக உட்காரவில்லை. எதிர்வீட்டு வாசலில் அவள் கோலம் போடும்போதெல்லாம் அந்தக் கையைப் பார்த்து நான் அடைந்த நிம்மதி கொஞ்சநஞ்சமில்லை.

கள்ளக்குறிச்சியில் கிடைத்த வீடு நான் ஆசைப்பட்ட மாதிரியே இருந்தது. தனி கேட், வீட்டுக்குள்ளேயே குழாய், மாடியேறினால் கல்வராயன் மலை. வீட்டுக்காரம்மா மேல்வீட்டில் இருந்தாள். போனிலேயே சட்டதிட்டங்களை ஒப்பித்தாள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, விருந்தாளி வந்தால் முன்னால் சொல்லவேண்டும், மோட்டாரை நான்தான் போடுவேன், துணி மாடியில் காயவைக்கக் கூடாது. கடைசியாக ஒன்று சொன்னாள். "ஆனி முடியறதுக்குள்ள பால் காய்ச்சிடணும். ஆடி பொறந்தா நான் யாரையும் குடி வைக்க மாட்டேன். ஆவணி வரைக்கும் பூட்டி வைக்கறதுக்கும் எனக்கு மனசில்ல. வேற பார்ட்டி கேட்டுகிட்டே இருக்காங்க."

அவர் காலண்டரைப் பார்த்து ஆனிக் கடைசி வாரத்தில் ஒரு புதன்கிழமையைக் குறித்தார். நல்ல நாள், நல்ல நேரம் எல்லாம் சரியாக இருந்தது. சரியில்லாதது ஒன்றே ஒன்று. எங்கள் ஊர்த் திருவிழா எப்போதும் ஆடி நடுவில்தான் வரும். அந்த வருஷம் பக்கத்து ஊர்த் திருவிழாவோடு மோதாமல் இருக்கட்டும் என்று கோயிலில் ஊர்க்கூட்டம் போட்டு முன்னால் இழுத்துவிட்டார்கள். கூட்டத்துக்கு வாடகைக்கு இருப்பவர்களைக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. ஊர் வாட்ஸ்அப் குரூப்பிலும் நாங்கள் இல்லை. தெருவுக்கே தெரிந்த விஷயம் எங்களுக்கு மட்டும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை சாயந்தரம் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தோம். கோயில் பக்கமிருந்து பம்பைச் சத்தம் கேட்டது. "யார் வீட்டிலயாவது விசேஷமா?" என்று அவர் கேட்டார். நான் வெளியே போய்ப் பார்த்தேன். தெருமுனையில் வேப்பிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மைக் செட்டில் ஒருவர், காப்பு கட்டியாகிவிட்டது, எல்லாரும் சுத்தபத்தமாக இருக்கவேண்டும் என்று அறிவித்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து சொன்னதும் அவர் கையிலிருந்த சணல் கயிறு அப்படியே நின்றுவிட்டது.

"நாமதான் வாடகைக்கு இருக்கறோமே. நமக்கு எதுக்குக் காப்பு?" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஏழு வருஷத்தில் அந்த வார்த்தையால் ஒரு லாபம் வரட்டுமே என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் சாமான் ஏற்ற வரவேண்டிய குட்டியானை வண்டி, தெருமுனைத் தோரணம் வரைக்கும் வந்தது. டிரைவர் எட்டி வேப்பிலையைப் பார்த்தார். இறங்கி வந்து, கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார். "காப்பு கட்டின ஊர்லேர்ந்து வூட்டுச் சாமான நான் ஏத்த மாட்டேங்க. ரோட்ல ஓடற வண்டிங்க இது." அவ்வளவுதான். அதே வேகத்தில் ரிவர்ஸிலேயே போய்விட்டார்.

அதற்குள் தெரு கூடிவிட்டது. வாடகைக்கு இருப்பவர்களுக்குக் காப்பு உண்டா இல்லையா என்று பட்டிமன்றம் ஆரம்பமானது. பிறந்த ஊரைத்தான் பார்க்கவேண்டும் என்றார் ஒருவர். அடுப்பு எரிகிற ஊரைத்தான் பார்க்கவேண்டும் என்றார் இன்னொருவர். அடுப்பையே சாக்கில் கட்டிவிட்டோமே என்று என் வீட்டுக்காரர் ஒரு பாயிண்ட் எடுத்துவிட்டார். எல்லாரும் யோசித்தார்கள். சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் நான் தையல் மிஷின்மேல் கைவைத்துக்கொண்டு நின்றேன்.

எதிர்வீட்டு அக்கா தன் வாசலிலிருந்தே தீர்ப்புச் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை, தெருவைப் பார்த்துச் சொன்னாள். "அம்மனுக்கு வாடக வூடு, சொந்த வூடுன்னு தெரியுமா? இந்த ஊரு தண்ணிய குடிச்சாங்களா இல்லியா? குடிச்சாங்கன்னா காப்புதான்."

"அந்தத் தண்ணிக்குத்தான் எனக்கு வரிசையே இல்லைன்னு சொல்லியாச்சே" என்றேன் நான்.

தெருவே சிரித்துவிட்டது. அக்கா விருட்டென்று உள்ளே போனாள். இரண்டு வருஷமாக மனசுக்குள் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்த பதில் அது. சொல்லிவிட்டேன். ஆனால் வண்டி போனது போனதுதான்.

மத்தியானம் சோற்றுக்கு வழியில்லை. அரிசி ஒரு மூட்டையில், குக்கர் வேறு மூட்டையில். எந்தச் சாக்கில் எது இருக்கிறது என்று மறந்துபோய் அவர் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ஏதோ வைக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் எதிர்வீட்டு அக்கா. ஒரு தூக்கில் சோறு, இன்னொன்றில் குழம்பு. எங்கோ வேலியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "வாசல்லயே வெச்சிருக்கறேன். நாயி வாய வெச்சிடப் போவுது."

அவள் ஆரம்பித்து வைத்ததும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வர ஆரம்பித்துவிட்டது. காப்பு கட்டிய ஊரில் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. அந்த நாட்களில் தெருவில் கடுகு வெடிக்கிற சத்தமே கேட்காது. அதனால் வந்த குழம்பு எல்லாமே தாளிக்காத குழம்பு. கத்தரிக்காய் போட்டது, முருங்கைக்காய் போட்டது, வெறும் பருப்பு. ஒரு கடை போட்டிருக்கலாம். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அம்மா, நாம ஊரைவிட்டுப் போறோமா, இல்ல நமக்கு யாராவது கல்யாணம் பண்ணி வைக்கறாங்களா?" என்று கேட்டாள்.

சாயந்தரம் கள்ளக்குறிச்சி வீட்டுக்காரம்மாவிடமிருந்து போன். "இன்னிக்கு வரேன்னு சொன்னீங்க, வரல. நாளைக்குத்தான் ஆனி கடைசி. நாளைக்குப் பால் காய்ச்சலைன்னா வேற ஆளுக்குக் கொடுத்திடுவேன். வாடகைக்கு வர்றவங்க சொன்ன சொல்லுக்கு நிக்கணும்" என்றாள். வாடகைக்கு வருகிறவர்கள்! இன்னும் ஒரு பொட்டலம்கூட உள்ளே வைக்கவில்லை, அதற்குள் அங்கேயும் அதே வார்த்தை. போனை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். அடக்க முடியவில்லை. எங்கள் கொல்லையில் அழுதால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

கேட்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு அக்கா படியேறி உள்ளேயே வந்துவிட்டாள், இரண்டு வருஷத்துக்கப்புறம். ஒரு சாக்கு மூட்டையின்மேல் உட்கார்ந்தாள். "பகல்ல ஊரு தாண்டலாம். ராத்தங்கறதுதான் கூடாது. நாளைக்கிக் காலைல போயி பாலு காச்சிட்டு, வௌக்கு வெக்கறதுக்குள்ள திரும்பிடலாம். பாலு காச்சிட்டா குடி போனதாத்தான் கணக்கு. சாமான ஆவணில எடுத்துக்கினு போ" என்றாள். பால் தன் பசுவின் பால் தருவதாகவும் சொன்னாள். சொல்லிவிட்டு, பேன் ஓடவில்லையே என்று ஸ்விட்சைப் பார்த்தாள். பேனையும் கழற்றிச் சாக்கில் கட்டியிருந்தோம்.

நானும் அவரும் போய்வருவது என்றுதான் புரிந்துகொண்டேன். காலையில் பஸ் ஸ்டாப்புக்குப் போனால் ஒரே மஞ்சளாக இருந்தது. காப்பு கட்டிய வாரமென்பதால் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் நிற்கிறார்கள். ஒருத்தி கையில் குத்துவிளக்கு, ஒருத்தி கையில் அம்மன் படம், ஒருத்தி கையில் உப்பும் மஞ்சளும் வைத்த தட்டு. அக்கா பால் தூக்கோடு முன்னால் நிற்கிறாள். "இத்தினி பேரு எதுக்கு?" என்று கேட்டேன். "டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே கெடையாது, உனுக்கு இன்னா போச்சி?" என்றாள். கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, மாநாடா?" என்று கேட்டார். தட்டைச் சாய்க்காமல் ஏறுவதில்தான் எல்லாருக்கும் கவனம். என் வீட்டுக்காரர் மட்டும் டிக்கெட் வாங்கிக்கொண்டு படியில் நின்றபடி வந்தார்.

கள்ளக்குறிச்சியில் அந்தத் தெரு முழுக்க கேட் போட்ட வீடுகள். நாங்கள் நடந்து போனபோது ஜன்னல் திரைகள் விலகியதைப் பார்த்தேன். வீட்டுக்காரம்மா மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிட்டாள். விருந்தாளி வந்தால் முன்னால் சொல்லவேண்டும் என்ற சட்டம் அவளுக்கும் ஞாபகம் வந்திருக்கும், எனக்கும் வந்தது. அக்கா பால் தூக்கை என் கையில் கொடுத்துவிட்டு நேராகப் போய், "எங்க பொண்ணு குடி வருதுங்க. ஊர்ல காப்பு கட்டியிருக்கறதால எல்லாரும் சேந்தாப்புல வந்துட்டோம்" என்றாள். வீட்டுக்காரம்மா எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். அப்புறம், "வாங்க வாங்க, உள்ள வாங்க" என்றாள். போனில் நான் ஒருநாளும் கேட்காத குரல்.

விளக்கு ஏற்றினோம். அடுப்பு சாக்கில் இருந்ததால் வீட்டுக்காரம்மாவே தன் அடுப்பைக் கீழே கொண்டுவந்து கொடுத்தாள். பால் பொங்கியது. கிழக்கே வழிந்ததா வடக்கே வழிந்ததா என்று ஒரு சண்டை நடந்து, இரண்டும் நல்லதுதான் என்று முடிந்தது. எல்லாரும் ஒரு வாய் குடித்தார்கள். அதற்கப்புறம் வீட்டைச் சோதனை போட ஆரம்பித்தார்கள். ஒருத்தி குழாயைத் திறந்து பார்த்தாள். ஒருத்தி சாக்கடை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாள். இரண்டு பேர் மாடியேறி, "மலை இம்மாங்கிட்டத் தெரியுது" என்று கூச்சல் போட்டார்கள். அக்கா குளியலறைக் கதவை மூடித் திறந்து மூடித் திறந்து பார்த்துவிட்டு வெளியே வந்தாள். "தாப்பா சரியாப் புடிக்கலீங்க. வயசுப் பொண்ணு இருக்கற வூடு. மாத்திக் குடுத்துடுங்க" என்றாள்.

"நாளைக்கே ஆளை வரச் சொல்றேங்க" என்றாள் வீட்டுக்காரம்மா.

"மோட்டரு?"

"அவங்களே போட்டுக்கட்டுங்க."

"துணி?"

"மாடியிலதான் காயவைக்கணும், வேற எங்க வைக்கறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். மோட்டாரையும் துணியையும் பற்றி நான் பஸ்ஸில் புலம்பியிருந்தேன். ஆணி விஷயத்தை மட்டும் அக்கா கேட்கவில்லை. அது அவளுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் அதையும் ஒரு கை பார்த்திருப்பாள்.

திரும்பும்போதுதான் சோதனை. பஸ் நிலையத்தில் எங்கள் பஸ் வரவே இல்லை. வந்த பஸ்ஸும் ரிஷிவந்தியத்தோடு நின்றுவிட்டது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் காலி டிப்பரோடு போன ஒரு டிராக்டரைக் கை காட்டி நிறுத்தினாள் அக்கா. டிரைவர் யோசிக்கிறதுக்குள் பாதிப் பேர் ஏறியாகிவிட்டது. உள்ளே கிடந்த காய்ந்த கரும்புச் சோகையின்மேல் எல்லாரும் உட்கார்ந்தோம். விளக்கு வைக்கிறதுக்குள் எல்லையைத் தாண்டவேண்டும் என்று எல்லாரும் சூரியனையே முறைத்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு மட்டும் மனசில் வேறொன்று அரித்தது. காலையிலிருந்தே அரித்துக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டேன். "ஏங்க்கா, என்னை அனுப்பி வைக்கறதுக்கு உங்களுக்கு அவ்வளவு அவசரமா?"

"வாய மூடிக்கினு வா. தூசி போவுது" என்றாள் அக்கா.

தோரணத்துக்குள் டிராக்டர் நுழைந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. தெருவில் இருந்த ஆண்கள் எங்களை எண்ணிப் பார்க்காத குறையாகப் பார்த்தார்கள்.

ஆடி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றினோம். ஒவ்வொரு வீட்டிலும் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, குடத்தில் ஊற்றி, வேப்பிலை கட்டி, தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகவேண்டும். அங்கே பெரிய அண்டாக்கள் இருக்கும். எல்லார் வீட்டுக் கூழும் அதில்தான் போய்ச் சேரும். ஒருத்தி கெட்டியாகக் காய்ச்சியிருப்பாள், ஒருத்தி தண்ணீராக, ஒருத்தி புளித்த மோரை அள்ளி ஊற்றியிருப்பாள். அண்டாவில் விழுந்தபின் யாருடையது எது என்று அம்மனுக்கே தெரியாது. அதற்கப்புறம் அதிலிருந்து மொண்டு எல்லாருக்கும் ஊற்றுவார்கள். ஏழு வருஷத்தில் நான் சொம்பை நீட்டி வாங்கிக் குடித்திருக்கிறேன், ஊற்றினதில்லை. யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அந்த வருஷம் அக்கா தன் வீட்டுக் குடம் ஒன்றைக் கழுவி என் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவள் பங்குக் கேழ்வரகு மாவும் அதற்குள்ளேயே இருந்தது. காய்ச்சினேன். கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. அண்டாவில் கலந்துவிட்டால் தெரியாது என்று நானே சொல்லிக்கொண்டேன்.

ஊற்றிவிட்டுக் கோயில் பக்கத்து வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். கையில் கூழ், தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம். வெயில் நன்றாக ஏறியிருந்தது. பக்கத்தில் அக்கா. நான் விடவில்லை. "அன்னிக்கு டிராக்டர்ல கேட்டேன், நீங்க பதிலே சொல்லலையே."

"இன்னா கேட்ட?"

"என்னை அனுப்பி வைக்கறதுக்கு அவ்வளவு அவசரமான்னு."

அக்கா வெங்காயத்தைக் கடித்தாள். கூழை ஒரு மடக்குக் குடித்தாள். அப்புறம் என்னைப் பார்த்துத்தான் பேசினாள், வேலியைப் பார்த்து இல்லை. "உன்ன அனுப்பறதுக்கு வர்ல. போற எடத்துல நீ ஒண்டியாப் போயி நிக்கக் கூடாதுன்னு வந்தோம். உனுக்குப் பின்னாடி ஆளுங்க இருக்குதுன்னு அந்த வூட்டுக்காரிக்குத் தெரியணும். ஆளில்லாத பொம்பளன்னா எவ வேணும்னாலும் எப்டி வேணும்னாலும் பேசுவா. எனுக்குத் தெரியாதா? நானே பேசினவதான."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நான் துடைக்கவில்லை. அக்கா அதைப் பார்க்காத மாதிரி என் காலி சொம்பைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கூழ் வாங்கி வர எழுந்து போனாள்.